உயரத்துக்கு வெட்டித் தரும் கடை

உள்பாவாடை வாங்க வருகிற பெண்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள், நாடாவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஈரோட்டில் தைத்துக் கட்டுக் கட்டாக அனுப்புகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில்தான் தைக்கிறார்கள். குள்ளமான பெண் இடுப்பில் ஒரு சுருட்டுச் சுருட்டி நாடாவை இறுக்கிக்கொள்கிறாள். அந்தச் சுருட்டு நாள் முழுக்கப் புடவைக்குள் ஒரு மேடாக உட்கார்ந்திருக்கிறது. உயரமான பெண் எவ்வளவு இறக்கிக் கட்டினாலும் கீழே துணி போதவில்லை. வெயிலுக்கு எதிரே நடந்தால் மெல்லிய புடவைக்குள் கால் தெரிகிறது. இரண்டு பேருமே குறையைத் தங்கள் உடம்பின்மேல் போட்டுக்கொள்கிறார்களே தவிர, பாவாடையின்மேல் போடுவதில்லை.

சண்முகவடிவு குள்ளம். ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், புருஷன் தனபாலனின் மேட்சிங் சென்டரில், கூரை முட்ட அடுக்கிய உள்பாவாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தானும் இடுப்பில் ஒரு சுருட்டோடுதான் வியாபாரம் பார்த்தாள்.

கடையின் பெயர் சுயம்புக்கனி சன்ஸ். சுவரை ஒட்டிய அடுத்த கடையின் பெயரும் சுயம்புக்கனி சன்ஸ்.

அது வந்த விதம் இது. மாமனார் சுயம்புக்கனி காலமானதும், மூத்தவன் ஆதிலிங்கத்துக்கும் இளையவன் தனபாலனுக்கும் பங்கு பிரிக்கத் திசையன்விளையிலிருந்து சொந்தக்காரப் பெரியவர்கள் வந்தார்கள். பங்கு பிரிந்த வீடுகளில் பிறகு நடக்கிற கூத்தையெல்லாம் பார்த்தவர்கள். தம்பி விலையைக் குறைத்து அண்ணனைச் சாய்ப்பான்; அண்ணன் வாசலில் ஆளை நிறுத்தித் தம்பியின் வாடிக்கையைக் கையைப் பிடித்து இழுப்பான்; அப்புறம் கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூடப் போக்குவரத்து இருக்காது. அதனால் ரொம்ப யோசித்து, ரொம்ப நியாயமாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். கடைக்கு நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கமும் அப்பா பெயர், அப்பா படம். ஒரே மஞ்சள் போர்டு, ஒரே சிவப்பு எழுத்து, ஒரே பை. ஒரே இடத்தில் சரக்கு, ஒரே விலை. ஒருவன் புதிதாக எதைச் செய்தாலும் மற்றவனுக்கும் அதில் உரிமை உண்டு. "கண்ணாடில பாத்த மாதிரி இருக்கணும்லே ரெண்டும்" என்றார் இருந்தவர்களில் மூத்தவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் பேசிய பேச்சுதான். அந்தக் குடும்பங்களில் பத்திரத்தைவிட அதற்குத்தான் மதிப்பு.

ஒன்றை மட்டும் பெரியவர்கள் யோசிக்கவில்லை. சந்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் அந்தத் தொடக்கத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். அந்தப் பக்கம் இருந்தது அண்ணன் கடை.

வடிவுக்கு ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று புரியாமல் விட மனசு வராது. மிக்சி நின்றுபோனால் ரிப்பேர்காரனிடம் கொடுக்குமுன் தானே ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுகிற ரகம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க வருகிறவர்களின் கால்களைக் கவனித்தாள். பெண்கள் மஞ்சள் போர்டைப் பார்க்கிறார்கள். முதல் படியில் ஏறுகிறார்கள். உள்ளே நெரிசலாக இருந்தால்தான் அடுத்த படிக்கு வருகிறார்கள். இதில் அண்ணன்மேல் பிரியமும் இல்லை, தம்பிமேல் வெறுப்பும் இல்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கும்போது யாரும் மூளையைச் செலவழிப்பதில்லை, முடிவைக் காலிடம் விட்டுவிடுகிறார்கள். காலுக்குத் தெரிந்ததெல்லாம் எது பக்கம், எது தூரம் என்பதுதான்.

"கேட்டியளா," என்றாள் புருஷனிடம், மத்தியானச் சோற்றைப் பிரித்து வைத்தபடி. "நமக்கு வாரது பூரா அத்தான் கடைல இடமில்லாம வழியுற கூட்டம். அங்க நிறைஞ்சாத்தான் இங்க சொட்டும். ஆடிக்கும் தீவாளிக்கும் நிறையும். மத்த நாள்ல?"

"என்னட்டி செய்யச் சொல்லுத?"

"எதையாவது வேற மாதிரிச் செய்யணும்."

தனபாலனும் செய்து பார்த்தான். பளிச்சென்று எல்.ஈ.டி. விளக்குப் போட்டான், கொஞ்ச நாளில் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே விளக்கு. கண்ணாடிக் கதவு போட்டான், அங்கும் வந்தது. ஏ.சி. வைத்தான், அங்கே அதைவிடப் பெரியதாக வந்தது. ஆதிலிங்கம் கெட்டவர் அல்ல. தம்பி செய்வதை அண்ணனும் செய்வதுதானே பேச்சு. இதற்குள் சந்தில் வாடகை ஏறிவிட்டது. இன்னொரு தீபாவளி இப்படியே போனால் ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணன் கடையில் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான் என்று தனபாலன் வாய்விட்டே சொன்னான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. வடிவுக்கு அந்த நிம்மதிதான் பயத்தைக் கொடுத்தது.

வழி கிடைத்தது தேவானையால். தேவானை கடை வாசலில் தையல் மிஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள். அடையாறு ஆற்றங்கரையிலிருந்து அரசாங்கம் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபிறகும் தினம் பஸ் பிடித்து இங்கேயே வந்துகொண்டிருந்தாள். நல்ல உயரம்.

"இன்னாக்கா, என் காலயே பாத்துகினு கீறே?"

"உன் பாவாடை ஏன் இப்படி ஏறி நிக்கி?"

"நான் வளந்தது என் தப்பு. கடைல இருக்கறதுதானே கட்ட முடியும்."

"மிஷின் வச்சிருக்க. நீயே சரி பண்ணிக்கப்படாதா?"

"துணிக்கு எங்க போறது? வெட்னத நீட்டவா முடியும்? நீளமா இருந்தா வெட்டிக்கலாம்."

வடிவு அன்று முழுக்க வேறு வேலையே செய்யவில்லை. ஓர் உள்பாவாடையை மடியில் போட்டுப் பிரித்துப் பார்த்தாள். மேல்பாதியில்தான் வேலை அதிகம். மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைக்க வேண்டும், நாடா ஓடுவதற்கு வாய் விட வேண்டும். அடிப்பகுதி வெறும் மடிப்புதான். அந்த மடிப்பை ஈரோட்டிலேயே ஏன் தைக்க வேண்டும்? அங்கே தைக்கிறவனுக்கு இதைக் கட்டப்போகிறவள் யாரென்று தெரியாது. சரக்கு கைமாறி வருகிற வழியில் அவளை நேரில் பார்ப்பது கடைக்காரி ஒருத்திதான். உயரம் தெரியாதவன் முடித்து அனுப்புவதும், உயரம் தெரிந்தவள் மடித்துக் கொடுக்க முடியாமல் இருப்பதும் என்ன கணக்கு?

ஈரோட்டுக்குப் போன் போட்டு, கூடுதல் நீளத்தில், அடி மடிக்காமல், கொஞ்சம் சரக்கு அனுப்பச் சொன்னாள். அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம், சந்தோஷமாக அனுப்பினார்கள். "உயரத்துக்கு வெட்டித் தரப்படும்" என்று ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள்.

முதலில் வாங்கிப்போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். குட்டையாக இருக்கிறதாம். வடிவுக்குப் புரியவில்லை. அவள் கையாலேயே அளந்தது. தரையிலிருந்து ஒரு கட்டைவிரல் மேலே, அவ்வளவுதான். வந்தவர்களில் ஒரு பெண்ணைக் கடைக்குள் நிற்க வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அந்தப் பெண் வெளியே போய்ச் செருப்பைப் போட்டபின் பார்த்தாள். குட்டையாக இருந்தது.

காரணம் செருப்பு. வெளியே கிளம்புகிறவள் புடவையைச் செருப்பின் உயரத்துக்கு இறக்கித்தான் கட்டுகிறாள். பாவாடையைத் தரையில் வெறுங்காலோடு அளந்தால் அந்தக் குதிகால் உயரம் கணக்கில் வருவதில்லை. சுயம்புக்கனி சன்ஸில் செருப்பைப் படிக்குக் கீழேயே விட வேண்டும். மாமனார் காலத்துக் கட்டளை. கல்லாவுக்கு மேலே அவர் படம், படத்துக்கு விளக்கு. அதற்கு எதிரே செருப்புக் காலோடு யாரும் ஏறக்கூடாது.

வடிவு மாமனார் படத்தைக் கழற்றி உள்ளறைச் சுவருக்கு மாற்றினாள். வாசலை ஒட்டி உள்பக்கம் ஒரு பலகை போட்டாள். அந்தப் பலகை வரைக்கும் செருப்போடு வரலாம்.

"அப்பாவ உள்ள தள்ளிட்டியேட்டி" என்றான் தனபாலன்.

"மாமா எங்க இருந்தாலும் பாப்பாவ. கடைல கூட்டம் நின்னா அவுகளுக்குக் கசக்கவா செய்யும்?"

அவன் ஆணி சரியாக இறங்கவில்லை என்று சொல்லி, சுத்தியலை வாங்கித் தானே அடித்தான்.

அதன்பிறகு வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. பெண் பலகையில் ஏறி நிற்பாள். வடிவு கீழே குந்தி, பின்குதிகால் பக்கம் தையல் சாக்பீஸால் கோடு போடுவாள். முன்பக்கம் அளந்தால், அவள் குனிந்து பார்க்கிறபோது அளவு மாறிவிடும். கோட்டுக்குக் கீழே மடிப்புக்கு இடம் விட்டு வெட்டித் தேவானையிடம் கொடுப்பாள். "ஒரு ஜூஸ் குடிச்சுட்டு வாங்கம்மா" என்று அனுப்புவாள். பெரும்பாலானவர்கள் போகமாட்டார்கள். நின்ற இடத்தில் பிளவுஸ் துணி பார்ப்பார்கள், லைனிங் பார்ப்பார்கள், நாத்தனாருக்கும் ஒன்று எடுப்பார்கள்.

ஆடிக்குள் விஷயம் பரவிவிட்டது. திருவான்மியூரிலிருந்து, அடையாறிலிருந்து தேடிக்கொண்டு வந்தார்கள். வடபழனியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டார் பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் வேனில் கூட்டிவந்து வரிசையாகப் பலகையில் ஏற்றினார்கள். எதிர்ச்சாரியில் நைட்டிக்கடை வைத்திருந்த யாசிர்தான் வழிகாட்டி.

"அண்ணி, என் கடைக்கு வர்றவங்களவிட என்கிட்ட வழி கேக்கறவங்கதான் ஜாஸ்தி. 'உயரத்துக்கு வெட்டித் தர்ற கடை எது'ன்றாங்க. மஞ்ச போர்டுன்னு சொல்ல முடியல. பலகை இருக்கற மஞ்ச போர்டுன்னு சொல்றேன்."

வந்தவர்கள் அண்ணன் கடைப் படியைத் தாண்டி வந்தார்கள். வடிவு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கால் முதல் படியில் ஏறப்பார்க்கும். தலை திரும்பிப் பலகையைத் தேடும். கால் அடங்கிப்போய் நடக்கும். அவ்வளவு அழகான காட்சியை அவள் கடற்கரையிலும் பார்த்ததில்லை.

"பெரிய அண்ணாச்சி மூஞ்சி வேகாத தோசை கணக்கா கீதுக்கா" என்றாள் தேவானை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரும் நாளைக்கே அட்டை மாட்டிடுவாரு பாரு."

"மாட்டட்டும். அட்டைதான மாட்ட முடியும். செருப்பை உள்ள விடுவாவளா?"

வடிவு தைரியமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். விளக்கையும் ஏ.சி.யையும் கடையில் வாங்கிவிடலாம். கடையில் கிடைக்கிற எதுவும் அடுத்தவனிடமும் வந்துவிடும். அடுத்தவன் தன் பெருமையில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தால்தான் செய்ய முடியும் என்கிற காரியம் மட்டும் அவ்வளவு சுலபத்தில் வராது. ஆதிலிங்கத்தின் பெருமை அப்பா படத்துக்கு முன்னால் நின்றது. அது நகராது என்று அவள் சரியாகவே கணித்தாள். மைத்துனரின் வீம்பை அளந்தவள் புருஷனின் நல்ல குணத்தை அளக்க மறந்துவிட்டாள்.

"அண்ணாச்சி காலைல காபி குடிக்கக் கூப்பிட்டாவ" என்றான் தனபாலன் ஒரு நாள்.

"என்னவாம்?"

"சும்மாதான். பிள்ளைய படிப்பப் பத்திக் கேட்டாவ." அவன் கவுண்டரைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "பாவாடை விசயமும் கேட்டாவ. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னிய?"

"எல்லாந்தான். அடி மடிக்காம எடுக்கது, வெட்டுதது. ஈரோட்டுக்காரன்ட்ட நானே போன் போட்டுக் குடுத்தேன்."

"ஏன்?"

"என்னட்டி ஏன்ங்க. கேட்டாவ. பங்கு பிரிக்கையில என்ன பேசினோம்? அண்ணன் தம்பிக்குள்ள மறைச்சு வைக்க அது என்ன தங்கமா?"

"செருப்பு?"

"அதையும் சொன்னேன். அது மட்டும் வேண்டாம்னுட்டாவ. அப்பா முன்னால செருப்புக் காலோடயான்னு ஒரு பார்வை பாத்தாவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

தேவானையின் மிஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அட்டை ஏறியது: உயரத்துக்கு வெட்டித் தரப்படும். எழுத்துகூட வடிவின் எழுத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. அங்கும் ஒரு பலகை, அங்கும் ஒரு மிஷின். செருப்பு மட்டும் படிக்குக் கீழே. மறுபடி கால்கள் முதல் படியில் ஏறத் தொடங்கின.

குறை சொல்லிக்கொண்டு முதலில் வந்தவர் மயிலாப்பூர் விசாலாக்ஷி மாமி. கையில் மஞ்சள் பை.

"ஏம்மா, இதென்ன இப்படி வெட்டி வெச்சிருக்கே? ஆத்துல கட்டிண்டு பார்த்தேன், சரியாத்தான் இருந்தது. சபாவுக்குச் செருப்பப் போட்டுண்டு கிளம்பினா, பின்னாடி வர்றவா எல்லாம் என் காலத்தான் பார்க்கறா. போன தடவ எவ்வளவு நன்னா இருந்தது."

வடிவு பாவாடையை வாங்கிப் பார்த்தாள். அடி மடிப்பில் தேவானையின் தையல் இல்லை; நூல் வேறு.

"மாமி, இது பக்கத்துக் கடைல வாங்கினது."

"பக்கத்துக் கடையாவது. சுயம்புக்கனி சன்ஸ்னு போட்டிருக்கே. இதோ பை."

"பை ஒண்ணுதான் மாமி. கடை வேற."

"அதெப்படி, பேர் ஒண்ணு, பை ஒண்ணு, கடை மட்டும் வேறயா? வித்தாச்சுன்னா இப்படித்தான் பேசுவேளா? இதுக்குத்தான் என் ஓர்ப்படி ஆன்லைன்ல வாங்கிக்கோன்னா."

வெட்டியதை நீட்ட முடியாது. வடிவு புதிதாக ஒன்றை எடுத்து, மாமியைப் பலகையில் ஏற்றி, அளந்து, தைத்துக் கொடுத்தாள். மாமி நன்றி சொல்லவில்லை. தன் தப்பைத் திருத்திக்கொள்கிற கடைக்கு எதற்கு நன்றி? அதற்குப்பின் அப்படி வருகிறவர்கள் பெருகினார்கள். எல்லாரும் சண்டை பிடிக்க வடிவிடம்தான் வந்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. பாவாடையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டது "ஒரு அம்மா கீழே உக்காந்து அளவெடுப்பாங்க" என்றுதான். வாங்குகிற அவசரத்தில் முதல் படியில் ஏறினார்கள். குறை சொல்ல வரும்போது அந்த அம்மாவின் முகத்தைத் தேடினார்கள்.

கடைசியில் வடிவு மைத்துனரின் கடைக்கே போனாள். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறினாள். ஆதிலிங்கம் நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"அத்தான், அளவு குட்டையா வருது. செருப்போட எடுக்கணும். அது முடியாதுன்னா ரெண்டு விரல் துணி கூட விட்டு வெட்டச் சொல்லுங்க. இல்லன்னா, கடைக்குள்ளயே புதுச் செருப்பு ஒரு ஜோடி வச்சுக்கிடுங்க. தெருவுல மிதிக்காத செருப்பு. அதப் போட்டுக்கிட்டுப் பலகைல நிக்கட்டும்."

செருப்பைப் படிக்குக் கீழே விடும்போது அவளுக்குத் தோன்றிய யோசனை அது. நல்ல யோசனை. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

ஆதிலிங்கம் சிரித்தார். "யாரு சொன்னா குட்டைன்னு? என்ட்ட இதுவரைக்கும் ஒரு உருப்படி திரும்பி வரலியே, தாயி. திருப்பிட்டு வாரவ எல்லாம் உன் கடைக்குல்லா வாராவ. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். தனபாலன்ட்ட சொல்லணும்னு நினைச்சேன், உன் மனசு நோகும்னு சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லை. தப்பு நடக்கிற இடம் ஒன்று, அது வந்து விழுகிற இடம் இன்னொன்று. அவர் கடையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சாகிற வரைக்கும் சரியாகத்தான் தெரியும். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

"பேர மாத்துங்க" என்றாள் புருஷனிடம்.

"எந்தப் பேர?"

"நம்ம கடைப் பேர. போர்டு, பை, எல்லாத்தையும். அத்தான் மாதிரி நாம இருக்கக் கூடாது. அவுக மாதிரி இருக்க வரைக்கும் அவுக தப்பு நம்ம தப்பு."

"அது அப்பா பேருட்டி."

"அத்தான் வச்சிருக்காவள்லா, பத்திரமா இருக்கும். நமக்கு 'உயரம்'னு வைங்க. ஊதாக் கலர்ல எழுதுங்க. வாரவளுக்கு நாம என்ன செய்யுதோம்னு போர்டுலயே தெரியட்டும்."

"அண்ணாச்சி என்ன நினைப்பாவ? ஊர்ல என்ன பேசுவாவ?"

"கடைய மூடிட்டு அவுகட்ட சம்பளத்துக்கு நின்னா ஊர்ல என்ன பேசுவாவ?"

தனபாலன் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு காலையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "போர்டு சொல்லிட்டேன். தீவாளிக்கு முன்னால வந்துரும்" என்றான். வடிவு அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு பிரியமாக அவனைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. பழைய பைகளை எண்ணெய்க்கடைக்குத் தள்ளிவிடச் சொல்லித் தேவானையிடம் கட்டிக் கொடுத்தாள். ஊதா நூல்கண்டு வாங்கினாள்; மடிப்பின் உட்பக்கம் ஊதாத் தையல் போட்டால், எங்கே வெட்டியது என்று தனக்காவது தெரியும்.

போர்டு வந்த நாள் சந்து முழுக்கக் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் ஏணி போட்டு ஏற்றினார்கள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தனபாலனே பிரித்தான்.

மஞ்சள் போர்டு. சிவப்பு எழுத்து. சுயம்புக்கனி சன்ஸ். மூலையில் மாமனார் படம், முன்பைவிடப் பெரியதாக. கீழே ஒரு வரி புதிதாக: எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.

"இப்ப தெளிவாயிட்டுல்லா?" என்றான் தனபாலன். "பேரையும் மாத்தல, யாரு மனசும் நோகல. வாரவளுக்கும் தெரிஞ்சிரும். பெரிய பெரிய துணிக்கடை எல்லாம் இப்படித்தான போடுதாவ."

அவன் கண்களில் கெஞ்சல் இருந்தது. வடிவு போர்டை ஒரு தடவை முழுக்கப் படித்தாள்.

"அத்தான்ட்ட சொன்னியளா?"

"சொல்லாம எப்படி?"

இரண்டு மூன்று நாளில் அந்தப் பக்கமும் ஏணி ஏறியது. அதே அச்சகம், அதே மஞ்சள், அதே அளவில் படம். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை. சந்தில் போன காலேஜ் பெண்கள் இரண்டு போர்டும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். தேவானை சிரிக்கவில்லை. அவளுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

யாசிர் வந்தது அதற்குப்பிறகுதான். படிக்குக் கீழேயே நின்றான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்கிட்டயும் வந்து கேக்கறாங்க. நானும் அந்தப் பாவாடை வேலைய ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். தேவானைக்கா வந்தா நல்லா இருக்கும். உங்களுக்கு மனசில்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன்."

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள். "நான் ஒண்ணும் கேக்கலக்கா. அவர்தான் கேட்டாரு."

"போ" என்றாள் வடிவு. "இங்க உக்காந்து ஈ ஓட்டவா?" பிறகு யாசிரிடம், "அளவு செருப்போட எடுக்கணும். பின்குதிகால் பக்கம் கோடு போடணும், முன்னால போடக் கூடாது. வெட்டுனதும் உடனே மடிக்காத. ரெண்டு தடவ நடக்கச் சொல்லு, துணி இறங்கும், அப்புறம் மடி. போர்டுல என்ன பேரு வைக்கப்போற?"

"இன்னும் யோசிக்கல அண்ணி."

"எங்கள மாதிரி எதையும் வச்சிராத. கலரும் வேற போடு."

சொல்லச் சொல்ல அவளுக்கே இன்னும் இரண்டு விஷயம் தோன்றிற்று. அதையும் சொன்னாள். யாசிர் கவனமாகத் தலையாட்டினான். சொந்த வீட்டில் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சந்தில் நகர இடமில்லை. ஒரு பெண் மஞ்சள் பையோடு இரண்டு போர்டுக்கும் நடுவில் நின்று, ஒன்றைப் படித்து, மற்றொன்றைப் படித்து, மறுபடி முதலாவதைப் படித்தாள். பிறகு வடிவைப் பார்த்ததும் நேராகப் படியேறி வந்தாள். பாவாடையை எடுத்துக் கவுண்டரில் போட்டாள். அடி மடிப்பில் ஊதாத் தையல் இல்லை.

"குட்டையா இருக்கு" என்றாள். "நீங்கதானே வெட்டிக் குடுத்தீங்க?"

வடிவு பாவாடையின் விலையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணை வாசலுக்குக் கூட்டிவந்து, எதிர்ச்சாரியைக் காட்டினாள். அங்கே யாசிரின் பச்சைப் போர்டின்கீழ் மூன்று பெண்கள் செருப்போடு வரிசையில் நின்றார்கள். தேவானையின் முதுகு தெரிந்தது.

"அங்க போங்கம்மா. சரியா வெட்டித் தருவாங்க."

கல்லாவில் இருந்த தனபாலன் எழுந்து வந்தான். "என்னட்டி செய்யுத? தீவாளி நேரத்துல வந்த ஆள வேற கடைக்கு அனுப்புத."

"ஆமா," என்றாள் வடிவு. "அதுதான் வேற கடை."

அந்தப் பெண் கூட்டத்துக்குள் புகுந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். வடிவு கவுண்டரில் கிடந்த குட்டைப் பாவாடையை எடுத்து மடித்து, திரும்பி வந்தவற்றை வைக்கிற அடுக்கில் வைத்தாள். அடுக்கு நிறைந்திருந்தது, கையால் அழுத்திப் பிடித்து மேலேயே வைத்தாள்.